அமாவாசை ரேஸ்

மலையே இல்லாத ஊரில் மவுண்டன் பைக் ரேஸ் நடத்த எங்கள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து ஆட்களால்தான் முடியும். ராத்திரி முழுக்க எவனோ ஒரு வெள்ளைக்காரன் சேற்றில் சைக்கிள் மிதித்ததை டிவியில் பார்த்துவிட்டு, முசரவாக்கம் பக்கம் வறண்டு கிடந்த ஏரியில் நாமும் மிதிப்போம் என்று தெருப் பையன்கள் கூடி முடிவு செய்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்து மறுநாள் காலை ஆறு வரைக்கும். அமாவாசையன்று எங்கள் ஊரில் தறி ஓடாது, எல்லோருக்கும் லீவு. அதனால் அன்றைக்கே வைத்தார்கள். அமாவாசை ராத்திரியில் நிலா வராது என்பது, பந்தல் போட்டு ஜெனரேட்டர் இறக்கி, ஏரி இருட்டுகிற வரைக்கும் ஒருவர் மூளைக்கும் எட்டவில்லை. என் மூளைக்கும்தான்.

ஜோடியாகத்தான் பேர் கொடுக்க வேண்டும். ஒரு சைக்கிள், இரண்டு பேர். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பந்தலில் படுத்திருக்கலாம். நான் என் பேரோடு அண்ணன் பேரையும் கொடுத்தேன். அண்ணனும் நானும் பேசி அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது.

சண்டைக்குக் காரணமே அந்த சைக்கிள்தான். பழைய கியர் சைக்கிள் ஒன்றைச் சென்னையிலிருந்து வாங்கி வந்திருந்தேன். நாங்கள் நெய்தது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். குறுக்கு நூல் ஓட்டும் நாடாக் கட்டையை அண்ணன் உடலுக்குப் போட, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா போட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். ஒரு நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன் மத்தியானம்தான் திரும்பினேன். அதுவரைக்கும் தறியில் சும்மா உட்கார்ந்திருந்த அண்ணன், என்னைத் தெருவில் நிற்க வைத்து நாலு பேர் பார்க்கத் திட்டினார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "வேற ஆள வெச்சிக்கோ" என்றேன். வைத்துக்கொண்டார். நான் அடுத்த தெருவில் கூலிக்கு நெய்யப் போனேன். வீடு ஒன்றுதான். அவர் முன்கட்டில், நான் பின்கட்டில்.

அவர் வந்தால் சண்டை தீர்ந்தது என்று கணக்குப் போட்டிருந்தேன். நேரில் கேட்க மட்டும் வாய் வரவில்லை. குழாயடியில் அண்ணியிடம் சொன்னேன்.

"ரேசுக்கு அண்ணன் பேரும் குடுத்துக்கிறேன் அண்ணி. சொல்லிடுங்க."

"நீயே சொல்லேன்பா. இதோ பத்தடியில உக்காந்துக்கினு இருக்காரு."

சொல்லவில்லை.

அமாவாசை வந்தது. பந்தலில் ஒரே நம்பர் எழுதிய துணி இரண்டு கொடுத்தார்கள். ஒன்றை நெஞ்சில் கட்டிக்கொண்டு, மற்றதை மேசையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன். முதல் சுற்று முடிந்து பந்தலைத் தாண்டும்போது, சுற்றுகளைப் பலகையில் குறித்துக்கொண்டிருந்தவர் கத்தினார்: "இன்னாபா, உன் ஜோடி எங்க? கோச்சிக்கினு பூட்டாரா?" கூட்டமே சிரித்தது. அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அதற்குப் பிறகு பந்தலுக்கு வரும்போதெல்லாம் தலையைக் குனிந்து, நம்பரை மட்டும் கத்திவிட்டு, நிற்காமல் பறந்தேன். கண்ணைக் கூசவைக்கும் போகஸ் லைட், காதைக் கிழிக்கும் குழாய் ரேடியோ. அந்த இடத்தைக் கடந்தால் போதும் என்றிருந்தது.

கடந்தால் இருட்டு. அப்படியோர் இருட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஹேண்டில்பாரில் பட்டு நூல் கழிவைத் திரித்துக் கட்டிய டார்ச், சக்கரத்துக்கு முன்னால் ஒரு முழம் காட்டியது. கரை ஏறி, மதகுப் பக்கம் இறங்கி, வண்டலும் வேலிக்காத்தான் முள்ளுமாக ஏரியின் நடுவில் போக வேண்டும். முன்னால் போகிறவன் டார்ச் எங்கோ மினுக்கும், பிறகு அதுவும் இருக்காது. என் மூச்சும் செயின் சத்தமும் மட்டும் கூட வந்தன. மற்ற ஜோடிகள் மாற்றி மாற்றித் தூங்கினார்கள். எனக்கு மாற்ற ஆளில்லை.

ஒவ்வொரு சுற்றிலும் ஏரிக்கரை மேல் ஒரு நிமிடம் நிற்பேன். காஞ்சிபுரத்திலிருந்து வரும் ரோடு அங்கிருந்து தெரியும். அண்ணன் சைக்கிளில் டைனமோ லைட் உண்டு. மஞ்சளாக ஆடி ஆடி வரும், எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். லாரிகள் வந்தன, ஒரு பஸ் வந்தது. மஞ்சள் லைட் வரவில்லை. இரண்டு மணிக்கு மேல் என் டார்ச்சும் செத்தது. அப்புறம் மண்ணின் சத்தத்தை வைத்துத்தான் ஓட்டினேன். கரகரவென்றால் பாதை, மெத்தென்றால் வண்டல். ஒரு தடவை முள்ளில் விழுந்து அப்படியே படுத்துக் கிடந்தேன். அழுதேன். கூடப் பிறந்தவர் ஒரு ராத்திரி வரமாட்டாரா என்று கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே அழுதேன். பிறகு எழுந்து ஓட்டினேன்.

விடிந்தது. கடைசிச் சுற்றை முடித்துப் பந்தலில் சைக்கிளைச் சாய்த்தேன். தனியாக ஓட்டியது பரிசுக்குச் சேராது என்றார்கள். அது எனக்கு முன்பே தெரியும். பலகைக்காரர் டீ கொடுத்தார்.

"நல்ல ஆளுபா நீ. உங்க அண்ணன் பத்து மணிக்கே வந்து ரெண்டாவது துணிய வாங்கிக் கட்டிக்கினு இதோ இங்கதான் நின்னாரு. மூணு சுத்து உன்னக் கூப்ட்டாரு. நீ திரும்பிக்கூடப் பாக்கல. சரி, அண்ணன் தம்பி சமாச்சாரம், நாம எதுக்கு நடுவுலன்னு வுட்டுட்டோம். அப்பால பூட்டாரு."

டீயை மேசையில் வைத்தேன். ராத்திரி முழுக்க ரோட்டில் அவரைத் தேடியவன், வெளிச்சம் இருந்த அந்த ஒரே இடத்தில் தலை நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஏழு மணி இருக்கும். வாசலில் அண்ணன் சைக்கிள் நின்றது. டயரில் ஏரி வண்டல் காய்ந்திருந்தது. அண்ணி வெளியே வந்தார்.

"அண்ணி, சத்தியமா நான் பாக்கல. டைனமோ லைட்டத்தான் தேடிக்கினு இருந்தேன்."

"அது எரிஞ்சி எட்டு மாசம் ஆவுதுபா. நீதான அதப் பாத்து சரி பண்ணுவ." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "உங்க அண்ணனுக்கு நேத்து அமாவாச விரதம். ஒண்ணுமே சாப்டாமத்தான் வந்தாரு."

அப்பாவுக்காக அண்ணன் இருக்கும் விரதம் எனக்கு நினைவே இல்லை.

உள்ளே போனேன். அண்ணன் தறியில் இருந்தார். நம்பர் துணி மடித்து ஜன்னலில் வைத்திருந்தது.

"அண்ணா, நான் பாக்கல."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முள் கிழித்த முழங்கையைப் பார்த்தார்.

"நல்லாத்தான் ஓட்டுற" என்றார். கோபமே இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார் என்றே இன்றும் நினைக்கிறேன்.

அதற்குள் பின்னால் செருப்புச் சத்தம். எனக்குப் பதிலாக அவர் வைத்துக்கொண்ட ஆள், நடுவயதுக்காரர், வேலைக்கு வந்திருந்தார். "கொஞ்சம் வழி வுடுபா" என்றார்.

விலகினேன். அவர் போய் அண்ணனுக்குப் பக்கத்தில், என் இடத்தில் உட்கார்ந்து, கரை நாடாவை எடுத்தார். தறி ஓட ஆரம்பித்தது.