இரண்டு தாது வருஷங்கள்

எங்கள் குடும்பத்தில் பெயர் தெரிந்த மிகப் பழைய மனிதர், உத்திரமேரூர் ஏரிப் பாசனத்தில் அவுரி பயிரிட்ட ஒரு முன்னோர். ஊரே நெல்லை நம்பியிருந்தபோது, நீலச் சாயத்துக்கான செடியைத் துணிந்து வைத்தவர். அவர் வாங்கிய நிலத்துக்கு இன்றும் அவுரிக்கொல்லை என்றுதான் பெயர், இப்போது அதில் நெல்தான் விளைகிறது என்றாலும். பழைய பத்திரங்களையும் ஜாதகங்களையும் வைத்துக்கொண்டு அவருடைய காலத்தை நான் பல ஆண்டுகளாக ஒழுங்குபடுத்தி வருகிறேன். ஆனால் அவரை முதலில் கண்டுபிடித்தவள் என் அத்தை. சரித்திர ஆர்வமெல்லாம் அவளுக்குக் கிடையாது. அவளுக்குக் கல்யாணம் ஆகவேண்டியிருந்தது.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அப்பாவின் தங்கையான அத்தை, பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். தாமலிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. அவருடைய போட்டோவை அத்தை கடையிலேயே பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்து ஒளித்து வைத்திருந்தது எனக்கு மட்டும் தெரியும்.

பெண் பார்க்க வந்த அன்று எல்லாம் நன்றாகவே போயிற்று. மாப்பிள்ளையின் பெரிய தாத்தா பேச்சுவாக்கில் நிலபுலன்களை விசாரித்தார். அவுரிக்கொல்லை என்று அப்பா சொன்னதும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அது எங்க நெலம். தாது வருசத்துப் பஞ்சத்துல ஒரு மரக்கா கேவுரக் குடுத்துட்டு ஒங்காளு எழுதி வாங்கிக்கினான். எங்க ஜனம் பொயைக்க வயியில்லாம தாமலுக்குப் போச்சு. அந்த வூட்டுப் பொண்ணு எங்களுக்கு வேணாம்."

அப்பாவுக்கு ரோஷம் வந்தது. அவர்கள் போனதும் தகரப் பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுத்தார். தாது வருஷம், தை மாதம் என்று தெளிவாக இருந்தது. வாங்கியவர் எங்கள் முன்னோர், விற்றவர் அவர்களுடைய முன்னோர். அப்பாவின் குரல் இறங்கிவிட்டது. "இத யாருக்கும் காட்டாத. பேஜாராப் போவும்" என்று பெட்டியை மூடினார்.

அத்தை அடுத்த நாளே அதைத் திறந்தாள். பத்திரத்தின் முதல் பக்கத்தைக் கடையில் பெரிதாக்கிக் கொண்டுவந்து, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். "ஒரு எய்த்துக்கும் புள்ளி வெக்கல பாரேன். மூச்சு வுடாம எய்திக்கினே போயிருக்கான்" என்று எழுதியவனைத் திட்டினாள். பழகப் பழக எனக்கும் அந்த எழுத்து பிடிபட்டது. நிலத்தின் நான்கு எல்லைகள் வரைக்கும்தான் என்னைப் படிக்க விட்டாள்.

ஒரு மாலை, பெட்டியிலிருந்த இன்னொரு பத்திரத்தை இதன் பக்கத்தில் வைத்தாள். அதன் முத்திரையில் ராணியின் தலை இருந்தது. இதில் இல்லை. இதிலிருந்தது கிழக்கிந்தியக் கும்பினியின் முத்திரை. அத்தை என்னைக் கட்டிக்கொண்டு சுற்றினாள்.

தமிழ் வருஷங்கள் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. பஞ்சம் வந்த தாது 1876, கும்பினி போய் ராணியின் ஆட்சி வந்த பிறகு. கும்பினி ஆட்சியில் வந்த தாது அதற்கு அறுபது வருஷம் முந்தியது. எங்கள் வீட்டில் பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைப்பது வழக்கம். அதனால் தாத்தா வாங்கிய நிலம், ஊர்ப் பேச்சில் பேரனின் தலையில் ஏறிவிட்டது. இதையெல்லாம் நான் முறையாகச் சரிபார்த்தது மிகவும் பிற்பாடு. அத்தை அதை ஒரே மாலையில் கண்டுபிடித்தாள்.

பெரிய தாத்தா மறுபடி வர ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம். மாப்பிள்ளையோடு வந்து உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "தாதுன்னுதான போட்டுக்கீது? அப்புறம் இன்னா?" என்றார்.

"தாது ஒண்ணுதானா கீது தாத்தா? அது பாட்டுக்கு வந்துக்கினே கீது. இது எந்தத் தாதுன்னு முத்திரையப் பாருங்க."

இரண்டு பத்திரங்களையும் அவர் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு, "படி, கேக்கறேன்" என்றார். மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் ஓரத்தைப் பிடித்துக்கொள்வது என் வேலை. அத்தை கணீரென்று படித்தாள். விற்றவர் முழு விலையைப் பெற்றுக்கொண்டு, மனப்பூர்வமாக எழுதிக் கொடுத்திருந்தார். எல்லைகள் முடிந்து, நிலத்தோடு சேர்ந்தவை வந்தன. கிணறு ஒன்று, புளியமரம் இரண்டு. அங்கே அத்தை நிறுத்தினாள்.

அவளுக்கு எழுத்து புரியவில்லை போலும் என்று நினைத்து, நான் உரக்கப் படித்தேன். "பண்ணையாள் முனியனும், அவன் பெண்சாதியும், பிள்ளைகள் ரெண்டும்."

அத்தை என்னைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் பக்கமும் பார்க்கவில்லை. பெரிய தாத்தாதான் கண்ணாடியைக் கழற்றினார்.

"வித்தது எங்காளு. வாங்கினது ஒங்காளு. இதுல நானு ஒங்கள இன்னான்னு கேக்கறது?" என்று மெதுவாகச் சொன்னார். கண்ணாடியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "நல்லாத்தான் படிக்கிறே, யம்மா. எங்க வூட்டுக்கு வந்து எங்க பத்திரத்தயும் படி. தட்டக் கொண்டாங்க" என்றார்.

கல்யாணம் நிச்சயமாயிற்று. அத்தை சமையலறைக்குள் போய்ச் சிரித்தாள், கொஞ்சம் அழுதாள். எங்கள் முன்னோர் பஞ்சத்தில் பிறர் நிலத்தைப் பறிக்கவில்லை என்பதில் வீடே நிமிர்ந்து நின்றது. எனக்கோ அதைவிடப் பெரிய பெருமை ஒன்று கிடைத்திருந்தது. அவருடைய மனைவியின் பெயர்கூட எந்தப் பத்திரத்திலும் இல்லை. வேலைக்காரர் முனியனின் பெயர் இருந்தது. கூலிக்காரரையும் மறக்காமல் பத்திரத்தில் எழுதவைத்த அவருக்கு எவ்வளவு பெரிய மனசு!

அடுத்த நாள் வகுப்பில் எழுந்து நின்று இதைச் சொன்னேன். மிஸ் சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்:

"அவங்க பேரு எதுக்கு அப்புறம் எழுதியிருந்துச்சு?"

"கெணத்துக்கும் புளியமரத்துக்கும் அப்புறம் மிஸ்."

தாளில் இருந்த வரிசை மாறாமல் சொல்லியிருந்தேன். மிஸ் ஏன் கைதட்டச் சொல்லவில்லை என்றுதான் அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.