கோபுரம் சாயாமல் எடுத்துத் தரப்படும்

சங்கரன்கோவில் ரத வீதியில் குருநாதன் ஸ்டூடியோ வாசலில் ஒரு பலகை தொங்கியது. அதில் அவர் பெயரைவிடப் பெரிய எழுத்தில், 'இங்கு கோபுரம் சாயாமல் எடுத்துத் தரப்படும்' என்று எழுதியிருந்தது. படித்த வெளியூர்க்காரர்கள் பதறிப்போய் ஒரு தடவை கோபுரத்தை நிமிர்ந்து பார்ப்பார்கள். அது பாட்டுக்கு நேராகத்தான் நிற்கும்.

சாய்வதெல்லாம் படத்தில்தான். கைக்கேமராவை அண்ணாந்து பிடித்து எடுத்தால் கோபுரம் மத்தியானச் சாப்பாடு முடிந்தவர் மாதிரி மல்லாக்கச் சரிந்து கிடக்கும். குருநாதனின் முக்காலிக் கேமராவில் அந்த வம்பு இல்லை. கேமராவை நேராக நிறுத்திவிட்டு, லென்ஸ் பொருத்திய முன்பலகையை மட்டும் மேலே தூக்கிக்கொள்ளலாம். கோபுரம் மரியாதையாக நிமிர்ந்து நிற்கும். தாலுகாவில் அப்படிப்பட்ட கேமரா அது ஒன்றுதான். குருநாதன் தலையும் அதனால் கொஞ்சம் நிமிர்ந்தே இருந்தது.

சிவகிரியில் ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவரிடமிருந்து வந்த கேமரா அது. தேக்கு உடம்பு, பித்தளை மூட்டு, நடுவில் ஆர்மோனியம் மாதிரி மடிந்து விரிகிற தோல் துருத்தி. துருத்தியில் பன்னிரண்டு ஒட்டு. எல்லாம் சைக்கிள் கடையில் பஞ்சருக்குப் போடுகிற ரப்பர். முன்பலகைத் திருகு எப்போதோ தேய்ந்துவிட்டதால், சிவகிரி பஸ் டிக்கெட்டை நாலாக மடித்துச் செருகினால்தான் தூக்கின இடத்தில் நிற்கும். வேறு ஊர் டிக்கெட் ஒத்துக்கொள்ளாது என்பார். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். கட்டின மனைவியை 'ஏட்டி' என்று கூப்பிட்ட மனுஷன், கேமராவை 'அவுக' என்றுதான் சொல்வார்.

எண்பத்தொன்றாம் வருடம் ஆடியில் கடையநல்லூர் மைதீன் பாட்சா குவைத்திலிருந்து வந்து இறங்கினார். அங்கே கட்டடக் கம்பெனி ஒன்றில் படம் எடுக்கிற வேலை. கம்பெனியை மூடும்போது கேமராவை இவர் கையில் கொடுத்துவிட்டார்கள். முழுக்க உலோகம், ஜெர்மன்காரன் செய்தது. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு அறை பிடித்துவிட்டு, பழைய சிநேகிதன் என்ற முறையில் முதலில் குருநாதனிடம்தான் அதைக் கொண்டுவந்து காட்டினார்.

"என்ன பாய் இது, இட்லிக் கொப்பரையா?" என்றார் குருநாதன்.

"ஒரு திருகைத் திருகினா திருகின இடத்துல நிக்கும் வே. உம்ம ஆளு மாதிரி பஸ் டிக்கெட் கேக்காது."

"அவுக டிக்கெட் எடுத்துட்டு நிக்காக. உம்மது வித்தவுட்டு."

பாட்சா சிரித்துக்கொண்டே டீ சொல்லப் போனார். அந்த நேரம் பார்த்துக் குருநாதன் ஜெர்மன்காரனின் திருகு ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். எண்ணெய் போட்ட கிணற்று உருளைகூட அப்படிச் சுற்றாது. முன்பலகை சத்தமில்லாமல் ஏறியது. விட்ட இடத்தில் நின்றது. தட்டினார், அசையவில்லை. அழுத்தினார், அசையவில்லை. டீ வருவதற்குள் பழையபடி இறக்கி வைத்துவிட்டார்.

துணிக்கடை மூக்காண்டி முதலாளி அடுத்த வருடக் காலண்டருக்குக் கோபுரப் படம் கேட்டிருந்த சமயம் அது. ஆடி முடிவதற்குள் படம் சிவகாசி அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஊரில் இரண்டு கேமரா என்று தெரிந்ததும் அவர் ஆளுக்கு ஒரு படம் எடுக்கச் சொல்லிவிட்டார்.

"கோபுரத்துக்கு ஊருக்கு ஒரு பலகை போதும் வே. முதலாளி காலண்டருக்கு யார் படத்தை எடுக்காரோ அவன் கடையில தொங்கட்டும்" என்றார் பாட்சா.

"தொங்கட்டும்" என்று குருநாதன் கெத்தாகத்தான் சொன்னார். பாட்சா தலை மறைந்ததும் சிவகிரி டிக்கெட்டை இன்னும் ஒரு மடிப்பு மடித்தார்.

படம் எடுக்கிற அன்று காலையில் கருப்புத் துணிக்குள் தலையை விட்டவருக்குத் துருத்திக்குள் ஒரு நட்சத்திரம் தெரிந்தது. பதின்மூன்றாவது ஓட்டை. ஓடிப்போய்ப் பார்த்தால் சைக்கிள் கடை பூட்டியிருந்தது. கடைக்காரர் குருவிகுளத்தில் காதுகுத்துக்குப் போயிருந்தார்.

மனைவி கோமதியம்மாள் சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தாள். கோயில் புற்றுமண். சொறி சிரங்கு என்றால் ஊரே அதைத்தான் குழைத்துப் பூசும்.

"இதைப் பூசுங்க. ஊர் உடம்பெல்லாம் ஆறுது, இவுகளுக்கு ஆறாதா?"

"ஏட்டி, இது கேமரா."

"அவுகன்னு சொன்னது நீங்கதானே?"

குருநாதன் மண்ணைத் தண்ணீர் விட்டுக் குழைத்தார். வெளிப்பக்கம் பூசினால் பாட்சா கண்ணில் பட்டு மானம் போய்விடும். உள்பக்கமாகப் பூசினார்கள். ஓட்டை அடைபட்டது. காய்ந்த மண் உதிரும் என்கிற யோசனை இரண்டு பேருக்கும் வரவில்லை.

கோபுரத்துக்கு எதிர்மாடியில் ஆடிக்காற்று ஆளைத் தள்ளியது. பாட்சாவின் கேமரா பாறை மாதிரி நின்றது. குருநாதனின் கேமரா தலையாட்டிப் பேசியது. முக்காலிக்கு நடுவில் அம்மிக்குழவியைக் கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் பேச்சைக் குறைத்தது. ஆனால் வெயிலில் கால் மணி நேரம் நின்ற உலோகத்தைப் பாட்சா பிடித்தாரோ இல்லையோ, "அல்லாவே!" என்று கையை உதறினார்.

"என்ன பாய், தோசை வாக்கலாமா?"

"குவைத்துல ஏசியிலயே வளந்தது வே" என்று முனகிய பாட்சா, துண்டைச் சுற்றிக்கொண்டு திருகினார்.

மூக்காண்டி முதலாளி ஆசைப்பட்டுக் கருப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார். நுழைத்த வேகத்தில் வெளியே எடுத்தார்.

"தலைகீழால்லா நிக்கு! இதுக்குச் சாஞ்சிருந்தாலே பரவாயில்லையே வே!"

உள்ளே எல்லாக் கேமராவுக்கும் அப்படித்தான், படத்தில் நிமிர்ந்துவிடும் என்று இருவரும் சேர்ந்து சத்தியம் செய்தார்கள். காலையிலிருந்து அவர்கள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

பாட்சா 'டிக்' என்று ஒரு தட்டு தட்டினார். முடிந்தது. முதலாளிக்கு ஏமாற்றம். குருநாதனோ லென்ஸ் மூடியை ஆரத்தித் தட்டு மாதிரி சுழற்றித் திறந்து, "சங்கரா... கோமதி..." என்று இரண்டு எண்ணி மூடினார். முதலாளி கை தன்னால் கும்பிட்டது.

மறுநாள் ஸ்டூடியோவில் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். இரண்டிலும் கோபுரம் நேர். பாட்சாவின் படத்தில் பொம்மைகளின் விரல்களைக்கூட எண்ணலாம். குருநாதனின் படத்தில் அவ்வளவு கூர்மை இல்லை. போதாததற்கு வானத்தில் ஒன்பது கருப்புப் புள்ளிகள். பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. காற்றில் துருத்தி ஆடி, மண் உதிர்ந்து, பிலிமில் ஒட்டியிருக்கிறது. வாசல் பலகையை ஒரு தடவை ஏக்கமாகப் பார்த்துக்கொண்டார்.

"ஏயப்பா! கிளி!" என்றார் முதலாளி.

"அது வந்து முதலாளி, மண்ணு..."

"இந்த மண்ணோட விசேஷம், அதானே சொல்லுதீரு! கோபுரத்துக் கிளி எல்லாம் வந்து விழுந்திருக்கே! பாய், உம்மதுல ஒரு காக்கா கூட இல்லையே. ஜெர்மன்காரன் விரட்டிட்டானா?"

குருநாதனின் படத்தைச் சுருட்டிக்கொண்டு முதலாளி போய்விட்டார். பாட்சா பூதக்கண்ணாடியை வைத்து இன்னொரு பிரதியை வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு எண்ணுத வரைக்கும் மூடியைத் திறந்து வச்சீரு. பறக்குத கிளி கோடால்லா வே விழணும்? புள்ளியா நிக்கு?"

"நம்ம ஊர்க் கிளி பாய். சாமி பேரைச் சொன்னா நிக்கும்."

பாட்சா பூதக்கண்ணாடியை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பினார். குருநாதனால் அந்தப் பார்வையை ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. எழுந்து கேமராவைத் திறந்து உள்ளே காட்டினார். பாட்சா சிரித்த சிரிப்பில், முக்காலியில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த அம்மிக்குழவி ஊஞ்சலாடியது.

குருநாதன் ஸ்டூலைப் போட்டு ஏறி, பலகையைக் கழற்றிக்கொண்டு வந்தார். "எடுத்துட்டுப் போம் பாய். திருகின இடத்துல நின்னது உம்ம ஆளு. உம்ம கேமரா முன்னால அவுக நிக்க முடியாது. நீரு டீ சொல்லப் போன அன்னைக்கே தொட்டுப் பாத்துட்டேன்."

பாட்சா இரண்டடி பின்னால் போனார். "எனக்கு எதுக்கு வே? இந்தப் பலகையை வாங்கினா அடுத்த வருசம் முதலாளி எங்கிட்டல்லா கிளி கேப்பாரு? நான் எங்க போவேன்?"

பலகை பழைய ஆணியிலேயே ஏறியது. பாட்சா பஸ் ஸ்டாண்டு அறையைக் காலி செய்து, கடையநல்லூரிலேயே பாஸ்போர்ட் படம் எடுக்க ஆரம்பித்தார். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் யாரும் கிளி கேட்பதில்லை.

அடுத்த ஆடி பிறந்ததும் துணிக்கடையிலிருந்து ஆள் வந்தது. இந்தத் தடவையும் கோபுரம்தான். கிளி மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். குருநாதன் உள்பக்கம் திரும்பினார். கோமதியம்மாள் ஏற்கெனவே கோயிலுக்குக் கிளம்பி வாசலில் நின்றிருந்தாள்.

"எத்தனைன்னு சரியாக் கேட்டுச் சொல்லுங்க. அதுக்குத் தக்கன மண்ணு வாங்கிட்டு வாரேன்."