மருதாயி கேட்ட ஐந்து நாட்கள்

ஞாயிறு அல்லாத ஒரு நாளில், காலை பத்து மணிக்கு, அப்பா வீட்டில் இருந்து நான் அதுவரை பார்த்ததில்லை. அந்த ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம் முடிந்து, கையில் பிசுபிசுத்த ஆரஞ்சு மிட்டாயோடு திரும்பி வந்தபோது, அப்பா பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். காய்ச்சலோ என்று பயந்து அம்மாவைப் பார்த்தேன். அம்மா சிரித்தாள்.

அப்பா தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி தினமும் சைக்கிளில் போவார். முந்தைய வருஷங்களில் சுதந்திர தினத்தன்று அச்சக வாசலில் கொடியேற்றி, எல்லோரும் கைதட்டிவிட்டு உள்ளே போய் வழக்கம்போல வேலை பார்ப்பார்களாம். வராதவருக்கு அன்றைய சம்பளம் இல்லை. இப்போது சட்டம் வந்துவிட்டது என்றார் அப்பா.

“இன்னைக்கு நான் வேலைக்குப் போகலைன்னாலும் சம்பளம் உண்டு. கூப்பிடறதா இருந்தா மொதலாளி முன்கூட்டியே எழுதிக் குடுத்துத்தான் கூப்பிடணும்.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அச்சக முதலாளியை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். பெரிய மீசை. குதிரை வண்டியிலிருந்து அவர் இறங்கினால் தெருவே ஒதுங்கி நிற்கும். அப்பேர்ப்பட்டவரை, மெட்ராஸில் யாரோ ஒரு காகிதத்தில் எழுதிய நாலு வரி கட்டிப்போட்டு, என் அப்பாவை நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருக்கிறது! சாமி வரம் கொடுப்பதுகூட எனக்கு அவ்வளவு அதிசயமாகப் பட்டதில்லை.

அதிலும் ஒரு பெருமை, அந்தச் சட்டத்துக்காக ஒரு காகிதத்தை எங்கள் அப்பாவே அச்சடித்திருந்தார். கடைகளும் ஆலைகளும் தங்கள் விடுமுறைப் பட்டியலைச் சுவரில் மாட்டவேண்டும் என்று விதி. அதற்கான படிவம் அவர்கள் அச்சகத்தில்தான் அடிக்கப்பட்டது. மேலே ‘ஸ்தாபனத்தின் பெயர்’ என்று ஒரு கோடு. பிறகு குடியரசு தினம், சுதந்திர தினம். அதற்குக் கீழே, பண்டிகை விடுமுறை என்ற தலைப்பில் ஐந்து வெற்றுக் கோடுகள். ஐந்தும் எந்தெந்த நாள் என்று அந்தந்த இடத்தில் பேசி முடிவு செய்துகொள்ளலாமாம். மை அப்பி வீணான தாள்களை அப்பா எனக்குக் கணக்குப் போடக் கொண்டுவந்து தருவார். அதில் ஒன்று நன்றாகவே இருந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு கட்டைவிரல் ரேகை.

நாங்கள் இருந்தது ஒரு ஸ்டோர் வீடு. ஒரே வாசல், ஒரே கிணறு, ஐந்து குடித்தனம். முன்கட்டில் வீட்டுக்காரம்மா. ஐந்து வீட்டுக்கும் தண்ணீர் இறைத்து, பாத்திரம் துலக்கி, முற்றம் கழுவுவது மருதாயி. மருங்காபுரிப் பக்கத்துக்காரி. வானம் பார்த்த பூமி பொய்த்துப்போய், புருஷனோடு ஆற்றோரம் வந்து குடிசை போட்டவள். என் அம்மாவைவிடப் பெரியவள். ஆனாலும் குழந்தைகள் உட்பட எல்லோரும் அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டோம். அது தவறென்று யாருக்கும் தோன்றியதில்லை.

அந்த சுதந்திர தினத்தன்று ஆண்கள் எல்லோரும் வீட்டில் இருந்ததால் ஐந்து வீட்டிலும் வடை, பாயசம். மருதாயி இரண்டு முறை வந்து துலக்கினாள். சாயங்காலம் கிணற்றடியில் அவள் முன்னால் போய் உட்கார்ந்து, படிவத்தை விரித்து, எனக்குத் தெரிந்த சட்டத்தையெல்லாம் சொன்னேன்.

“இது கவருமெண்டு காயிதமா பாப்பா?”

“ஆமா. எங்கப்பா அச்சடிச்சது.”

ஸ்தாபனத்தின் பெயர் என்ற கோட்டில் ‘மருதாயி’ என்று எழுதினேன். எந்த ஐந்து நாள் வேண்டும் என்று அவளிடம் கேட்டேன். சாம்பல் கையை அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். நான்கு நாள் யோசித்தாள். மாட்டுப் பொங்கலை முதலில் சொன்னாள். இரண்டு நாள் கழித்து சமயபுரம் தேர். பிறகு ஆடிப் பதினெட்டு. தீபாவளியைச் சொன்னது நான்தான்.

“அன்னைக்குப் பலகாரப் பாத்திரம் மலையாட்டம் கெடக்குமே” என்று அவளே சந்தேகப்பட்டாள்.

“சட்டம்னா சட்டம்” என்றேன்.

ஐந்தாவதற்கு வெகுநேரம் பிடித்தது. கடைசியில், “பொரட்டாசி மாசம் மொதப் புதங்கெழமை” என்றாள்.

“அன்னைக்கு என்ன பண்டிகை?”

“ஒண்ணுமில்ல. நீ எழுது.”

பண்டிகை இல்லாத நாளைப் பண்டிகைக் கோட்டில் எழுதலாமா என்று எனக்குக் குழப்பம். இருந்தாலும் எழுதினேன். கீழே பெரிய மனுஷிபோல என் கையெழுத்தும் போட்டேன். சோற்றுப் பருக்கை தடவி, கிணற்றடிச் சுவரில் ஒட்டினேன். பெரியவர்கள் யாரும் அதை நின்று படிக்கவில்லை.

புரட்டாசி முதல் புதன்கிழமை மருதாயி வரவில்லை.

ஏழு மணி வரை யாருக்கும் உறைக்கவில்லை. அப்புறம் ஐந்து வீட்டிலும் அண்டா காலி. முந்தின ராத்திரிப் பாத்திரங்கள் முற்றத்தில் காக்கைகளுக்கு நடுவே கிடந்தன. வீட்டுக்காரம்மா கிணற்றடிக்கு வந்து நின்று குரல் கொடுத்தாள். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டவளுக்கு இனி இந்த வாசலில் வேலை இல்லை, வேறு ஆள் பார்த்தாகிவிட்டது போலத்தான் பேசினாள். நான் சுவரைக் காட்டினேன்.

வீட்டுக்காரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். அம்மாவும் எட்டிப் பார்த்து, என் முதுகில் ஓர் அறை வைத்தாள். வேலைக்குக் கிளம்பி நின்ற அப்பா கடைசியாக வந்து படித்தார். மேலிருந்து கீழ்வரை, எழுத்துப் பிழை பார்ப்பதுபோல நிதானமாக.

“நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க” என்றாள் வீட்டுக்காரம்மா. “ஒன்பது மணிக்குள்ள வந்தா சரி. இல்லேன்னா வரவே வேண்டாம்னு சொல்லிடுங்க.”

அப்பா என்னை சைக்கிள் பாரில் உட்கார்த்திக்கொண்டு போனார். குடிசையில் அவள் இல்லை. ஆற்றுக்குப் போயிருப்பதாக அடுத்த குடிசைக்காரி சொன்னாள். அம்மா மண்டபப் படித்துறையில் கூட்டமாக இருக்கும். அங்கே இல்லை. அதைத் தாண்டி, அதிகம் யாரும் வராத ஒரு சின்னப் படித்துறையில் இருந்தாள்.

தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முதுகில் விரித்துவிட்டிருந்தாள். காலிரண்டும் தண்ணீருக்குள். காவிரி கரை நிறையப் போய்க்கொண்டிருந்தது. துவைக்கத் துணி இல்லை. மொண்டு போகக் குடம் இல்லை. பக்கத்தில் பேச்சுக்கும் ஆள் இல்லை. அவள் கை மடியில் சும்மா கிடந்தது. நான் பிறந்ததிலிருந்து பார்த்த மருதாயி எப்போதும் குனிந்துதான் இருந்தாள். நிமிர்ந்தால் இத்தனை உயரம் என்று எனக்குத் தெரியாது. கோயிலில் திரை விலகும்போது ஒரு கணம் மூச்சு நிற்குமே, எனக்கு அப்படி நின்றது. ஓடிப்போய்க் கூப்பிட வாயெடுத்தேன். அப்பா என் வாயைப் பொத்தினார். அவர் விரலில் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத மை வாசனை.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். பிறகு அப்பா சத்தம் வராமல் சைக்கிளைத் திருப்பி, தெரு வரும்வரை ஏறாமல் தள்ளிக்கொண்டே வந்தார்.

வீட்டுக்காரம்மாவிடம், “ஆளைப் பார்த்தேங்க. கூப்பிடலை. இன்னைக்கு லீவுன்னு சுவத்துல போட்டிருக்கு” என்றார்.

“குழந்தை கிறுக்கினதுக்கு நீங்களுமா?”

“அதுல இருக்கறது என் அச்சுங்க.”

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வாளியைக் கிணற்றுக்குள் விட்டார். எங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, முன்கட்டு அண்டாவும் நிறைகிறவரை இறைத்தார். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. ஓர் ஆண்பிள்ளை தண்ணீர் இறைப்பதைப் பார்க்கச் சகிக்காமலோ என்னவோ, ஒவ்வொரு வீட்டுப் பெண்களும் அவரவர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். வீட்டுக்காரம்மா உள்ளே போனவள் மத்தியானம் வரை வெளியே வரவில்லை. அப்பாவுக்கு அன்று அரைநாள் சம்பளம் போயிற்று. வேறு ஆள் பார்க்கும் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

மறுநாள் விடியற்காலையில் மருதாயி வந்தாள். வழக்கம்போலக் குனிந்து முற்றம் பெருக்கினாள். நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். அப்பா அவளருகே போய்த் தயங்கி நின்றார்.

“ஏம்மா மருதாயி, சொன்னாத் தப்பா நெனைக்காதே. அது கவர்மெண்டுக் காகிதம் இல்லே. சட்டம் கடைக்கும் ஆலைக்கும்தான். வீட்டு வேலை அதுல வராது. பாப்பா வெளையாட்டா எழுதினது.”

அவள் துடைப்பத்தை நிறுத்தவில்லை.

“தெரியுங்கய்யா. கவருமெண்டு என்னைக்கு மருதாயின்னு பேரு போட்டு எழுதியிருக்கு?”

“தெரிஞ்சுமா வராம இருந்தே? வேலை போயிருந்தா?”

“போயிருக்குமுங்க” என்றாள். குப்பையை ஒதுக்கியபடி, “பாப்பா அஞ்சு நாளு கேட்டுச்சு. ஒண்ணையாவது இருந்து பாப்போம்னு பாத்தேன்” என்றாள்.

அப்பா கொப்பளித்த கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்.

எனக்கோ மருதாயிமேல் கோபம் கோபமாக வந்தது. அவளை ஆற்றங்கரையில் கொண்டுபோய் உட்கார்த்தியது நானும் என் காகிதமும்தான் என்று ராத்திரியெல்லாம் பூரித்துக் கிடந்தேன். அது செல்லாத காகிதம் என்று தெரிந்தே போயிருக்கிறாள். சட்டம் தன் பக்கம் இல்லாத ஒருத்திக்கு அந்தப் படியில் அப்படி நிமிர்ந்து உட்காரும் தைரியம் எங்கிருந்து வந்தது என்று, எட்டு வயதில், எவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.