கடைசி பஸ்ஸை விட்டவர் எப்படி வீடு வந்தார்

என் தம்பிக்கு இரண்டு தொழில். பகலில் எங்களைப் பெற்ற அத்தாவின் தோல் மண்டியில், உப்புப் போட்டு வரும் ஆட்டுத்தோலைத் தரம் பிரிப்பான். சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டு மண்டிக்கு மேலே இருக்கும் அறைக்குப் போய், மூன்று நண்பர்களோடு கதவைச் சாத்திக்கொண்டு ப்ளூஸ் ராக் பாடுவான். அந்தக் கதவுக்குப் பின்னால் இரண்டு வருஷமாக ஓர் ஆல்பம் தயாரானது. மொத்தம் ஏழு பாட்டு, எல்லாம் அவனே எழுதியவை.

ப்ளூஸ் என்றால் என்ன என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு நான்தான் விளக்கம் சொல்லி வந்தேன். ஒரு வரி பாடுவான். அதையே மறுபடியும் பாடுவான். மூன்றாவது வரியில்தான் விஷயத்துக்கு வருவான். நடுவில் கிதார் அழும், ட்ரம்ஸ் அதை அதட்டும். "ஒரே தடவ சொன்னா எங்களுக்குப் புரியாதா?" என்று கேட்டார் எங்கள் மாமி. எனக்கும் ஆரம்பத்தில் அந்தச் சந்தேகம் இருந்தது. கேட்கக் கேட்கப் பிடித்துப்போயிற்று.

ஆல்பம் போனில் வெளியானது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுபத்திரண்டு பேர் இருக்கிறோம். எல்லாரும் கேட்டோம், கேட்காதவர்களும் மாஷா அல்லா என்று போட்டார்கள். ஒரு வாரம் கழித்துத் தம்பி மேலே போவதை நிறுத்திவிட்டான். மண்டியை மூடியதும் நேராக வீட்டுக்கு வந்து டிவி முன்னால் உட்கார்ந்தான். பத்து நாள் பார்த்துவிட்டு, என்னடா ஆச்சு என்று கேட்டேன்.

"கேட்ட அம்புட்டுப் பேரும் நம்ம வீட்டு ஆளுங்கக்கா. அவங்க நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க. நம்மள யாருன்னே தெரியாத ஒருத்தரு கேக்கணும். ஒரே ஒருத்தரு போதும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவனை உறுத்துகிற விஷயங்களை எப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொல்வான். எனக்கு மனசு கேட்கவில்லை.

நான் சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலைகளைப் போன் வழியாகவே விற்கிறவள். எதையும் யார் தலையிலாவது கட்டிவிடலாம் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு. ஆனால் போனில் ஒரு பாட்டை ஒருவர் தேடினால்தான் அது வரும். தெரியாத பாட்டை யார் தேடுவார்? ரேடியோ அப்படி இல்லை. வேறு எதற்காகவோ திருப்பி வைத்தவர் காதிலும் போய் விழும். ஆகவே ரேடியோதான் என்று முடிவு செய்தேன். தம்பியிடம் கேட்கவில்லை, அறிவித்தேன்.

முதலில் மதுரையில் ஒரு பெரிய எஃப்.எம். மரியாதையாக உட்கார வைத்து, சினிமாப் பாட்டு மட்டும்தான் போடுகிறோம் என்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் வழியெல்லாம் மனசுக்குள் அவர்களோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். அப்புறம்தான் எங்கள் ஊர் திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு கல்லூரி நடத்தும் சமூக வானொலி நினைவுக்கு வந்தது. இருபது கிலோமீட்டர் தாண்டினால் கேட்காது. போகட்டும், அந்த இருபது கிலோமீட்டருக்குள் தெரியாத ஒருவர் இருக்க மாட்டாரா?

அங்கே அறிவிப்பாளராக ஓர் இளம்பெண் இருந்தார். பாட்டை முழுசாகக் கேட்டார், தலையை ஆட்டி ரசித்தும் கேட்டார். சனிக்கிழமை நாலிலிருந்து நாலரை வரை நேயர் விருப்பம் உண்டு, நாலு பேர் போன் போட்டுக் கேட்டால் போடுகிறேன் என்றார். கேட்டவர்கள் பேரையெல்லாம் வாசித்துவிட்டுத்தான் பாட்டு. அதில் ஒரு பேரையும் விடக் கூடாது என்பது அவருடைய கொள்கை.

நாலு பேர் போதும் என்றால் நாலு பேரோடு நிறுத்துகிறவளா நான்? குழுவில் ஒரு செய்தி போட்டேன். எல்லாரும் போன் பண்ணுங்கள், பிள்ளைகள் பேரையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று எழுதினேன். நான் தேர்ந்தெடுத்த பாட்டு, சிறுமலையில் கடைசி பஸ்ஸை விட்டுவிட்ட ஒருவனைப் பற்றியது. ஏழில் அதுதான் யாருக்கும் பிடிக்கும் என்று எனக்குப் பட்டது.

சனிக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் இருபது பேர் கூடிவிட்டார்கள். தம்பி சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். கடைசிப் பாட்டாக அவனுடையதை அறிவித்தார்கள். பிறகு விரும்பிக் கேட்டவர்களின் பெயர்கள் ஆரம்பித்தன. எங்கள் தெருவின் பெயர் வந்தது. பெரியத்தா வீடு, சின்னத்தா வீடு, மாமி, மாமியின் மருமக்கள், பேரப்பிள்ளைகள். தன் பேர் வந்தபோது ஒவ்வொருவரும் கையைத் தட்டினார். மாமி ஒரு படி மேலே போய், சின்னப் பேத்தியின் பிறந்தநாள் வாழ்த்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தார். அறிவிப்பாளர் பாவம், மூச்சு வாங்கியபடி ஒன்றையும் விடாமல் வாசித்தார்.

பாட்டு தொடங்கும்போது மணி நாலு இருபத்தெட்டு. ஆரம்பத்தில் ஒரு நிமிஷத்துக்குக் கிதார் மட்டும். அதைக் குறைத்துவிடு என்று நான் சொல்லி, தம்பி காதில் வாங்காமல் விட்ட அதே ஒரு நிமிஷம். பிறகு அவன் குரல் வந்தது.

"கடைசி பஸ்ஸு போயிருச்சு, கையக் காட்டியும் போயிருச்சு." மறுபடியும், "கடைசி பஸ்ஸு போயிருச்சு, கையக் காட்டியும் போயிருச்சு."

அதோடு குரல் தேய்ந்து மறைந்தது. அடுத்த நிகழ்ச்சி ஆரம்பமாகிவிட்டது. இன்றைய காய்கறி விலை நிலவரம், சின்ன வெங்காயம் என்றார்கள்.

கூடத்தில் எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். அவரவர் பேர் வந்துவிட்டதே. தம்பி என்னைப் பார்த்து, கல்யாணப் பத்திரிகை வாசித்த மாதிரி இருந்தது என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. தெரியாத ஒருவர் வேண்டும் என்றவனுக்கு, தெரிந்தவர்கள் அத்தனை பேரையும் கூட்டி வந்து வழியை அடைத்தவள் நான்தான். அன்றே குழுவில் எழுதினேன்: இனி யாரும் அந்த ரேடியோவுக்குப் போன் போடக் கூடாது. மாமி கோபித்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை அத்தாவுக்கும் தம்பிக்கும் டீ எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போயிருந்தேன். கையில் போன் சும்மா இருக்குமா, பழக்கதோஷத்தில் ரேடியோவைத் திருப்பினேன். தம்பி கண்டுகொள்ளவில்லை. தோலை விரித்து, தடவிப் பார்த்து, மடித்து வைத்துக்கொண்டிருந்தான். நாலு மணி நிகழ்ச்சியின் முதல் அழைப்பு வந்தது. வண்டிகள் ஓடுகிற இரைச்சலுக்கு நடுவே ஓர் ஆண் குரல்.

"ஏனுங்க, நான் ஒட்டன்சத்திரத்துல இருந்து காய் லோடு ஓட்டுறவனுங்க. இப்ப உங்க ஊருக்குள்ளதான் நிக்கிறேன். போன வாரம் கடைசியா ஒரு பாட்டப் போட்டுப் பாதியில நிறுத்திட்டீங்க. அந்த ஆளு பஸ்ஸ விட்டுட்டாருங்க. அப்புறம் மலையில இருந்து எப்படிங்க எறங்குனாரு? ஒரு வாரமா அதே நெனப்பா இருக்குதுங்க."

அறிவிப்பாளர் சிரித்துவிட்டார். இன்றைக்கு முழுசாகவே போடுகிறேன், லைனிலேயே இருங்கள் என்றார். தம்பி கையில் இருந்த தோலை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"அக்கா, உண்மையச் சொல்லு. நீ செட் பண்ணுன ஆளா?"

"அல்லா மேல சத்தியமா இல்லப்பா. ஒட்டன்சத்திரம் பக்கம் நமக்கு யாருடா இருக்கா?"

கிதார் ஆரம்பித்தது. அந்த ஒரு நிமிஷமும் முழுசாகப் போனது. பஸ் இரண்டு தடவை போனது. மூன்றாவது வரியும் இந்த முறை வந்தது: "காத்து வந்து பக்கம் நின்னு, கூட வாரியான்னு கேட்டிருச்சு." தம்பி உப்புக் கையை இரண்டு பக்கமும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அத்தா டீ கிளாஸைக் கீழே வைக்கவே இல்லை, குடிக்கவும் இல்லை. பாட்டின் கடைசியில் அந்த ஆள், வாழைத்தார் ஏற்றிக்கொண்டு இறங்குகிற ஒரு வண்டியில் இடம் கிடைத்து, தார்களுக்கு மேலே மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டே திண்டுக்கல் வந்து சேர்வான்.

பாட்டு முடிந்தது. அறிவிப்பாளர், ஐயா இருக்கிறீர்களா என்று கேட்டார்.

"இருக்கேனுங்க. லோடு வண்டியில வந்துட்டாருங்களா? அப்பச் சரிங்க. நம்மாளுக யாராச்சும் ஏத்திக்குவாங்கன்னுதானுங்க நானும் நெனச்சேன்."

அவ்வளவுதான், போனை வைத்துவிட்டார். பாட்டு நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. தம்பி கையைக் கழுவினான். மண்டி மூட இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அத்தாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாடிப்படி ஏறிவிட்டான். அத்தா அவன் விட்டுப் போன தோலை எடுத்து விரித்தார். மேலே கிதாரைச் சுருதி சேர்க்கும் சத்தம் கேட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வீட்டுக்கு வருவதற்குள் குழுவில் செய்திகள் குவிந்திருந்தன. ரேடியோ கேட்காதீர்கள் என்று நான் சொல்லவில்லையே, எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். யார் அவர், யார் வழியில் சொந்தம், உங்களுக்குத் தெரியுமா, அவர்களுக்குத் தெரியுமா என்று ஒருவரை ஒருவர் சாயங்காலம் முழுக்க விசாரித்துக்கொண்டிருந்தார்கள். எழுபத்திரண்டு பேரில் ஒருவருக்கும் அவரைத் தெரியவில்லை.