மச்சாளின் கறுப்புக் கூந்தல்

என் கணினியில் அழிக்காமல் வைத்திருக்கும் நாற்பது படங்களிலும் மச்சாளின் முதுகுதான் இருக்கிறது, முகம் இல்லை. இடுப்பைத் தாண்டும் கறுத்த கூந்தல், அவிழ்த்தபடி, பின்னியபடி, காற்றில் பறந்தபடி. காற்றுக்குத் தலைமயிர் உலர்த்தியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான். மச்சாள் என் அண்ணனின் மனைவி. ஜெர்மனியின் பான் நகரில் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. கிழமையில் ஐந்து நாள் அந்தக் கூந்தல் வலைத்தொப்பிக்குள் சுருண்டு கிடக்கும். நான் கேட்டேன் என்பதற்காக ஒரு சனிக்கிழமை தலை தோய்ந்து, காயவைத்து, பின்னேரம் வரை கதிரையில் அசையாமல் இருந்தார்.

நான் கணினி விளையாட்டுகளுக்குப் பாத்திரம் வரைபவள். இந்தத் தொழிலில் நாயகிகளுக்குப் பொன்னிறம், சிவப்பு, வெள்ளி, ஏன், உலகத்தில் ஒருத்திக்கும் முளைக்காத ஊதாக்கூட உண்டு. கறுப்பு வந்தால் பெரும்பாலும் சூனியக்காரி. சின்ன வயதில் விளையாடும்போதே அது எனக்கு உறைத்தது. புதிதாகச் சேர்ந்த நிறுவனத்தில் ஒரு நாயகியை வரையத் தந்தபோது மச்சாளின் படங்களைப் பார்த்துக் கறுப்புப் பின்னலோடுதான் வரைந்தேன். அதோடு நின்றேனா? உன் அம்மாவைக் கதாநாயகி ஆக்கப்போகிறேன் என்று மச்சாளின் மகளிடம், என் ஏழு வயது மருமகளிடம், வாய்விட்டேன். மச்சாள் அதைத் தமிழ்ப் பாடசாலைத் தாய்மார் எல்லாருக்கும் சொல்லிவிட்டார்.

பிறகொரு கூட்டத்தில், இருட்டுக் குகைக்குள் கறுப்பு எடுபடவில்லை என்றார்கள். நாயகிக்குப் பொன்னிறம் கொடுப்போம். இந்த அழகான கறுப்பு நஞ்சு காய்ச்சும் சூனியக்காரிக்குப் போகட்டும். குழுத்தலைவர் என் பக்கம் திரும்பி, இது உனக்கு மனவருத்தம் என்றால் சொல், மாற்றாமல் விடுவோம் என்றார். உண்மையாகத்தான் கேட்டார். நான் கூந்தல் ஓரத்தில் கொஞ்சம் நீல வெளிச்சம் தீட்டினால் குகைக்குள்ளும் தெரியும். ஒரு காலை நேர வேலை. என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? சோதனைக்காலம் முடிந்து வேலை நிரந்தரமாக இரண்டு கிழமை இருந்தது. பிரச்சினையில்லை என்றேன். சிரித்துக்கொண்டு வேறு சொன்னேன், பாவி.

விளையாட்டு வெளிவந்ததும் மருமகள் வீட்டில் போட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன். பொன்னிற நாயகியாக ஓடி, அம்பு விட்டு, சூனியக்காரியைச் சாய்த்தாள். கூந்தல் தரையெங்கும் விரிந்தது. பிள்ளை திரும்பித் தாயின் பின்னலைப் பார்த்தாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"விழேக்கை வடிவாய்த்தான் விரியுது," என்றார் மச்சாள். பிறகு என் பக்கம் திரும்பி, "உம்மட்டைக் கேட்டுத்தானோ மாத்தினவங்கள்?"

"இல்லை மச்சாள். என்னை ஒருத்தரும் கேக்கேல்லை."

போன மாதம் மருமகளின் பிறந்தநாளுக்குப் போயிருந்தேன். பாடசாலைத் தாய் ஒருவர், உங்கள் தலைமயிரை இவள் சூனியக்காரிக்குக் கொடுத்துவிட்டாளாமே என்று என்னைக் காட்டிப் பகிடி விட்டார். மச்சாள் பலகாரத் தட்டை மேசையில் வைத்தார்.

"அவளைக் குறை சொல்லாதேங்கோ. எங்கடை பிள்ளை அவங்களோடை எவ்வளவு சண்டை பிடிச்சவள், தெரியுமே?"

சண்டை பிடித்தேன் என்று நான் பொய்க்குக்கூடச் சொன்னதில்லை. அது மச்சாள் எனக்காகத் தானே சேர்த்துக்கொண்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஓம் என்று தலையாட்டினேன்.