பின்சீட்டு உத்தியோகம்

ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொடுப்பவருக்குத் தனியாக ஹேண்டில் கிடையாது, பிரேக் கிடையாது. வாய் ஒன்றுதான் உண்டு. வீட்டில் யாருக்காவது வண்டி பழக்கிவிட்டிருக்கிறீர்களா? அப்படியானால் என் பாடு உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று, பெண்கள் சொந்தக்காலில் நிற்பதற்காக நம் மைசூரில் ஒரு திட்டம் நடத்தியது. மின்சார ஆட்டோ ஓட்டப் பயிற்சி, லைசென்ஸ், பிறகு சுலபத் தவணையில் சொந்த வண்டி. அதில் நான் பயிற்சியாளர். பின்சீட்டில் உட்கார்ந்து, கழுத்தை முன்னால் நீட்டி, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருப்பது என் உத்தியோகம்.

பனிக்குள் போன வண்டி

செல்விக்குத் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கம். கணவர் முருகேசனோடு கட்டட வேலைக்காக மைசூர் வந்தவர். மற்றப் பெண்களிடம் நான் கன்னடத்தில் கத்துவேன். செல்வியிடம் மட்டும் தமிழில் கத்தலாம். அதனாலேயே எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

ஒரு மார்கழிக் காலை, முதல்முறையாக அவரைத் தனியாக ஓட்டச் சொல்லி நான் இறங்கிக்கொண்டேன். பயிற்சி மைதானம் முழுக்கப் பனி. சாமுண்டி மலை இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. செல்வி ஹேண்டிலை மெல்ல முறுக்கினார். வண்டி நகர்ந்தது, மங்கியது, காணாமல் போனது. மின்சார வண்டியில் சத்தமும் இல்லை. "செல்வி! செல்வி!" என்று கூப்பிட்டேன். பனிக்குள்ளிருந்து ஒரு மைனா மட்டும் பதில் சொன்னது. எந்த மரத்தில் மோதிக்கொண்டாரோ என்று நான் ஓட ஆரம்பித்தபோது, என் முதுகுக்குப் பின்னாலிருந்து வண்டி மிதந்து வந்து நின்றது. செல்வியின் முடியெல்லாம் பனித்துளி.

"எங்கே போனீங்க?" என்றேன், கோபமாகத்தான்.

"தெரியலீங்க மேடம். போயிட்டே இருக்கோணும்னு இருந்துச்சுங்க."

தூங்கிப்போன கணவர்

முருகேசன் ஒருநாள் மைதானத்துக்கே வந்துவிட்டார். டைல்ஸ் ஒட்டுகிறவர், கை முழுக்க வெள்ளைச் சிமெண்ட். "மேடம், இவ பேரை எடுத்துருங்க. தூக்கத்துல என் கையப் புடிச்சு முறுக்கறாளுங்க. காலால பிரேக் போடறா. அதுகூடப் பரவால்லீங்க, சைட்டுல அல்லாரும் 'ஆட்டோக்காரி புருசன்'னு கூப்படறாங்க."

நான் சமாதானம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் செல்வி வந்தார். "பேரை எடுக்கறதுன்னா நாந்தான் எடுக்கோணும். நான் எடுக்கறதா இல்லீங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கணவரிடம் திரும்பி, "ஏறுங்க" என்றார். அவர் முறைத்துக்கொண்டே ஏறினார்.

செல்வி மைதானத்தைச் சுற்றினார். வெயில் இதமாக இருந்தது. தூங்குமூஞ்சி மரத்தின் இளஞ்சிவப்புப் பூக்கள் கூரைமேல் உதிர்ந்தபடி இருந்தன. ஒரு சுற்றில் முருகேசனின் தலை சாய்ந்திருந்தது. அடுத்த சுற்றில் வாய் திறந்திருந்தது. செல்வி நிறுத்தவில்லை. குழந்தை எழுந்துவிடும் என்று தொட்டிலை ஆட்டிக்கொண்டே இருப்பதுபோல, வளைவுகளில் இன்னும் மெதுவாக்கிச் சுற்றிக்கொண்டே இருந்தார். மற்றப் பெண்கள் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள், ஒருத்திகூட அவசரப்படுத்தவில்லை. கடைசியில் பாட்டரிதான் தீர்ந்தது.

வண்டி நின்றதும் முருகேசன் கண்விழித்தார். எந்த ஊர் என்று தேடுவதுபோல எங்களையெல்லாம் பார்த்தார். மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சரி, ஓட்டு. ஆனா நிறுத்தாத. நிறுத்தினா முழிப்பு வந்துருது."

கடல் தாண்டி வந்த கேள்வி

திட்டத்துக்குப் பணம் தருகிற நாட்டிலிருந்து எலின் என்ற அம்மையார் பார்க்க வந்தார். மல்லிகைச் சரம் வைத்துவிட்டோம். அவருடைய குட்டை முடியில் அது நிற்காமல் காதில் தொங்கியது. அவர் கேட்டதை நான் மொழிபெயர்க்க வேண்டும். "வீட்டில் உங்கள் முடிவெடுக்கும் அதிகாரம் கூடியிருக்கிறதா?"

பெண்களிடம் கன்னடத்தில் கேட்டேன், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தமிழிலும் கேட்டேன். செல்வி சொன்னார். "முடிவெல்லாம் முந்தியே நாந்தானுங்க எடுப்பேன். அவரு எடுத்த மாதிரி ஊருக்குச் சொல்லிக்குவோம். இப்ப நான்னே சொல்லிக்கறனுங்க."

அதை ஆங்கிலத்தில் சொன்னேன். எலின் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "எங்கள் வீட்டிலும் அப்படித்தான், எல்லாம் அம்மாவின் முடிவு. என் அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது."

திட்டம் நின்றது

அந்த நாட்டில் ஏதோ மாறியது, பணம் நின்றுபோனது. சொந்த வண்டி கிடையாது, அடுத்த வகுப்பு கிடையாது, எனக்கும் வேலை கிடையாது. மேலிடம் ஒரு மின்னஞ்சலோடு முடித்துக்கொண்டது. பெண்களின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது நான்.

அப்போதுதான் எல்லோரும் தேர்வில் எட்டுப் போட்டு, பாஸாகி, லைசென்ஸ் கைக்கு வந்திருந்தது. சிலர் வரப்போகும் வண்டியின் முன்கண்ணாடியில் யார் பெயரை எழுதுவது என்று வீட்டில் சண்டைகூடப் போட்டு முடித்திருந்தார்கள். நான் சொன்னேன். என் குரல் யாரோ பேசுவதுபோலத் தூரத்தில் கேட்டது. ஒருத்தி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செல்வி கேட்டார். "லைசென்சையும் திருப்பி வாங்கிக்குவாங்களாங்க?"

"இல்லை. அது உங்களுடையது."

"அப்பச் சரிங்க."

மலைமேல்

சிலர் பழைய வேலைக்கே திரும்பினார்கள்; அதை மறைக்க விரும்பவில்லை. செல்வி தெருத்தெருவாகக் கேட்டு, நாள் வாடகைக்கு ஒரு மின்சார ஆட்டோ பிடித்தார். பெண் ஓட்டுவதைப் பார்த்து ஏறாமல் போனவர்கள் உண்டு. மழை வந்தால் அவர்களே ஓடிவந்து ஏறினார்கள். இப்போது சந்தைக்குக் கீரை கொண்டுபோகிறவர்கள், டியூஷன் பிள்ளைகள் என்று வாடிக்கை பிடித்துவிட்டார். கன்னடத்தில் சண்டையும் போடுகிறார், என்னைவிட நன்றாக.

நான் வேறு வேலைக்கு நேர்முகம் முடித்து, நம்பிக்கையில்லாமல் நடந்துவந்த ஒரு சாயங்காலம், பக்கத்தில் வந்து நிறுத்தினார். "ஏறுங்க மேடம்." வீட்டு வழியில் திரும்பாமல் மலைப்பாதையில் ஏறினார். மேலே, ஊர் தெரிகிற வளைவில் நிறுத்தினார். கீழே மைசூர் மாலை வெளிச்சத்தில் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல அசைந்தது.

"சவாரி இல்லாதப்ப இங்க வருவனுங்க. செங்கல்லு சொமந்தமே, அந்தக் கட்டடமெல்லாம் எதுன்னு தேடிப் பாப்பேன். ஒண்ணும் தெரியாதுங்க. எல்லாமே நல்லாத்தான் இருக்குது."

நான் இன்னும் அனுப்பாமல் வைத்திருந்த திட்டத்தின் இறுதி அறிக்கையில் இதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று விளங்காததால், "மின்சார ஆட்டோவின் மலையேறும் திறன் திருப்திகரம்" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.