அஞ்சுவைப் படம் எடுக்காத வருஷம்

எங்கள் எஸ்டேட்டில் எந்த வீட்டுச் சுவரைப் பார்த்தாலும் கத்தரீனாள் எடுத்த படம் ஒன்றாவது தொங்கும். ஞானஸ்நானம், காதுகுத்து, பொங்கல், ஓணம், மலைக்கு மாலை போட்டது, மகன் துபாய்க்குக் கிளம்பியது, எல்லாம் அவள் எடுத்ததுதான். ஸ்டுடியோக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். காலையில் மஸ்டரில், அதாவது ஆள்கணக்கில், பேர் கொடுத்துவிட்டுத் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறவள். அவளிடம் இருந்தது மூலை உடைந்த ஒரு போன். மூணாறில் பிரிண்ட் போட்டுத் தருகிற கடை ஒன்று அவளுக்குத் தெரியும். அவ்வளவுதான் அவள் தொழில்.

நான் ஜிஜி, அவளுக்கு ஓரகத்தி. அவள் புருஷன் ஏசுதாஸ் என் வீட்டுக்காரருக்கு அண்ணன். கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த வீடுகளை நாங்கள் லயம் என்போம். அந்த லயத்தில் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். அதனால் இதில் நான் ஊரார் வாயில் கேட்டுச் சொல்வது எதுவும் இல்லை.

படம் எடுக்கிற நேரத்தில் அவளைப்போல ஒரு அதிகாரியைப் பார்க்க முடியாது. குழாயடியில் ஒரு வெள்ளைச் சுவர் இருக்கிறது. காலை வெயில் முதலில் அதில்தான் விழும். பண்டிகை என்றால் லயமே அங்கே வரிசையில் நிற்கும். எண்ணெய் வழிகிற முகத்தோடு வந்தால் கழுவிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவாள். புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு திசை பார்த்தால் தோளில் கை போடச் சொல்லுவாள். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் மொக்கையன் தன் தோளில் கை வைத்தது அந்த ஒரு தீபாவளிப் படத்தில் மட்டும்தான் என்று எங்கள் லயத்து மூக்கம்மாள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள். கம்யூனிஸ்ட், காங்கிரஸ், இந்து, கிறிஸ்தவன் என்ற பேச்சே அந்தச் சுவருக்கு முன்னால் கிடையாது. எல்லாரும் அவள் சொன்ன இடத்தில் நிற்க வேண்டியதுதான்.

அவளுக்கு ரெண்டு பிள்ளைகள். மூத்தவன் ஜிபின், ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தான். இனி இல்லை என்று விட்ட பிறகு, வேளாங்கண்ணிக்கு நடந்துபோய் வேண்டிக்கொண்டு பெற்றவள் அஞ்சு. எந்தப் பண்டிகையானாலும் முதல் படம் இவர்கள் ரெண்டு பேருக்கும்தான். ஜிபின் வலது பக்கம் நிற்பான், அவன் கை அஞ்சு தலைமேல் இருக்கும். பழைய படங்களில் அதற்காகக் குனிந்திருப்பான். அவள் வளர வளர நிமிர்ந்துவிட்டான்.

போன ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம், மறையூர் ரோட்டில் பனிமூட்டத்தில் பைக்கோடு அவன் போய்விட்டான். அதைப் பற்றி நான் இதற்குமேல் எழுதப்போவதில்லை.

இந்தப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கோயிலுக்குக் கொண்டுபோகும் முன்னால் சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நின்று ஒரு படம் எடுக்கும். மூணாறிலிருந்து வந்த பையன் கேமராவோடு தயங்கிக்கொண்டு நின்றான். அதுவரைக்கும் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கத்தரீனாள் எழுந்தாள். ஏசுதாஸ் அத்தானை இந்தப் பக்கம் வரச் சொன்னாள். என்னைப் பின்னால் போகச் சொன்னாள். அஞ்சுவுக்கு ஒரு ஸ்டூல் போட்டு அண்ணன் முகத்துக்குப் பக்கத்தில் ஏற்றி நிறுத்தினாள். பிறகு தன் போனை எடுத்து அவளே படம் எடுத்தாள். தாய் இல்லாத அந்தப் படம்தான் அவர்கள் வீட்டுக்கு இருக்கிறது.

அவள் அழவில்லை. அதுதான் ஊருக்குப் பெரிய கவலையாகப் போயிற்று. கோயில் பெண்கள் வந்து உட்கார்ந்து, அழுதிரு கத்தரீனா, நெஞ்சு அடைச்சிரும் என்றார்கள். அவள் சரி என்றாள். காப்பி போட்டுக் கொடுத்தாள். ஏசுதாஸ் அத்தான் குடித்தார், விழுந்தார், அழுதார், தானாகவே ஒரு நாள் நிறுத்தினார். அதுவாவது மனுஷன் செய்கிற காரியம். இவள் வேலைக்குப் போனாள், எடுக்கிற கொழுந்தை எடுத்தாள், வந்து சோறு வடித்தாள். எதைக் கேட்டாலும் கேட்டதற்குப் பதில் வரும். முகத்தில் ஒன்றும் இருக்காது.

படம் எடுப்பதை இனி விட்டுவிடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். குருத்தோலை ஞாயிறன்று போனோடு வந்து நின்றாள். ஓலையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகளை எடுத்தாள், ஈஸ்டருக்கு லயம் முழுவதையும் எடுத்தாள். மனசு தேறிவிட்டது என்று கோயில் பெண்கள் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷம் பண்டிகை கிடையாது. பலகாரம் சுடக்கூடாது, புதுத்துணி எடுக்கக்கூடாது. சொந்தக்காரர்களும் அக்கம்பக்கமும் கொண்டுவந்து கொடுப்பதைச் சாப்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஈஸ்டருக்கு மூக்கம்மாள்கூட முறுக்குக் கொண்டுவந்தாள். அன்றைக்கு நான் அஞ்சுவைக் கூட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் போனபோது, துக்க வீட்டில் படம் எடுக்கக்கூடாது என்று கத்தரீனாள் சொன்னாள். அப்படி ஒரு சட்டத்தை நான் பிறந்த மறையூரிலும் கேட்டதில்லை, வாழ வந்த இந்த எஸ்டேட்டிலும் கேட்டதில்லை. துக்கக்காரியிடம் வழக்காடுவதா என்று வாயை மூடிக்கொண்டேன்.

மே மாதம் அஞ்சுவுக்குப் புதுநன்மை வந்தது. முதல் முதலாக நற்கருணை வாங்குகிற நாள். அதற்குத் துக்கம் தடையில்லை என்று சாமியார் சொல்லிவிட்டார். வெள்ளை கவுன் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். பூசை முடிந்ததும் பிள்ளைகள் கையில் மெழுகுவர்த்தியோடு கோயில் படியில் வரிசையாக நின்றார்கள். கத்தரீனாள் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு நிறுத்தி எடுத்தாள். ஒருத்தியின் கிரீடத்தைச் சரிசெய்தாள், ஒருத்தனின் மூக்கைத் துடைத்துவிட்டாள். அஞ்சுவின் முறை வந்தது. அவளாகவே போய் இடத்தில் நின்று மெழுகுவர்த்தியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தாள். கத்தரீனாள் போனைத் தாழ்த்தினாள். அஞ்சுவுக்கு அப்பால் நின்ற பிள்ளையைப் பார்த்து, அடுத்து நீ வா என்றாள்.

அந்தப் பிள்ளை அஞ்சுவைப் பார்த்தது, தன் அம்மாவைப் பார்த்தது, பிறகு வந்து நின்றது. அஞ்சு நகர்ந்து இடம் கொடுத்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பாவம், பெற்ற வயிறு என்று யாரும் எனக்கு அன்றைக்குச் சொல்லியிருக்கக்கூடாது, சொன்னவர் கன்னம் பழுத்திருக்கும். என் போனை எடுத்து அஞ்சுவுக்கு நேராகப் பிடித்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா எடுக்கட்டும் சித்தி என்றாள்.

அதற்குப் பிறகுதான் கவனிக்க ஆரம்பித்தேன். அவள் அஞ்சுவைத் திட்டவில்லை, அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. தலை பின்னிவிடுவாள், டிபன் கட்டிக் கொடுப்பாள். ஆனால் முகத்தைப் பார்க்கமாட்டாள். பேசினால் அஞ்சுவின் தோளுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்துப் பேசுவாள். வாயாடியாக இருந்த பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக வாயடங்கிப்போனாள். தாய் வேலை முடிந்து வருகிற நேரம் பார்த்து முகம் கழுவி, பவுடர் போட்டு, வாசலில் நிற்பாள். கத்தரீனாள் அவளைத் தாண்டி உள்ளே போவாள். மறுநாளும் பிள்ளை பவுடர் போட்டுக்கொண்டு நிற்பாள். எனக்கு அந்தப் பவுடர் டப்பாவைத் தூக்கிப் போடலாம் போல இருக்கும்.

ஓணத்துக்கு ஃபேக்டரி முற்றத்தில் அத்தப்பூ போட்டி. கத்தரீனாள் நாற்காலிமேல் ஏறி நின்று பூக்கோலத்தை எடுத்துக்கொண்டிருந்தாள். அஞ்சு என் பக்கத்தில் உட்கார்ந்து செவ்வந்தியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தவள், குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்.

"அம்மா போன்ல தேடிப் பாத்தேன் சித்தி. நான் கடைசியா இருக்கது அண்ணன் பெட்டிகிட்ட நிக்கேன்லா, அந்தப் படம்தான். அதுக்குப் பெறகு நான் இல்ல."

அன்றைக்குச் சாயங்காலமே போய்ச் சண்டை போட்டேன். மனசில் இருந்தது எல்லாவற்றையும் கொட்டினேன். ஊரான் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் மூக்கைத் துடைத்துவிட்டுப் படம் எடுக்கிறாய், உன் வயிற்றில் பிறந்தது உனக்குக் கண்ணில் படவில்லையா, போனது ஒன்று என்றால் இருக்கிறதையும் சேர்த்துப் புதைக்கப்போகிறாயா என்று கேட்டேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்து முடித்துக் கையைக் கழுவிவிட்டுத்தான் பேசினாள்.

"போனத் தூக்குனா அவ பக்கத்துல வெறுஞ்சுவருதான் தெரியுது ஜிஜி. அத நான் எப்படி எடுக்க?"

குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள். எழுந்து வந்துவிட்டேன். வந்து நான்தான் அழுதேன்.

தீபாவளிக்கு மூக்கம்மாள் வீட்டுப் பேரப்பிள்ளைகளை எடுத்தாள். மத்தாப்பு வெளிச்சத்தில் எல்லாம் நன்றாகவே வந்திருந்தது. டிசம்பர் பிறந்ததும் லயத்தில் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் ஏறியது. அவர்கள் வாசலில் மட்டும் இல்லை, குழந்தை ஏசுவுக்குப் புல்கூடும் கட்டவில்லை. கேரல் பாட வந்த பையன்கள் எங்கள் வீட்டுவரைக்கும் மேளம் அடித்து ஆடிவிட்டு, அடுத்த வாசலில் மேளத்தை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி, ஒரு பரலோக மந்திரச் செபம் சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லாரும் ஜிபின் வயசுச் சோட்டுப் பையன்கள். அஞ்சு கதவு இடுக்கில் நின்று பார்த்தாள். கத்தரீனாள் அவர்களுக்குப் பால் விடாத கட்டன்சாயா கொடுத்துத் தம்ளரை எண்ணி வாங்கி வைத்தாள்.

கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்து குழாயடியில் வழக்கம்போல வரிசை. சொந்தக்காரர்கள் எடுத்துக் கொடுத்தால் துக்க வீட்டிலும் உடுத்தலாம் என்பதால் நான் அஞ்சுவுக்கு ஒரு பச்சைச் சுடிதார் கொண்டுபோயிருந்தேன். அதைப் போட்டுக்கொண்டு ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கத்தரீனாள் ஒவ்வொரு குடும்பமாக நிறுத்தி, அதட்டி, எடுத்து முடித்தாள். கடைசியாக எங்கள் குடும்பம். அதுவும் முடிந்து அவள் போனை முந்தியில் துடைக்கும்போது, அஞ்சு எழுந்து போய்ச் சுவருக்கு முன்னால் நின்றாள். நடுவில் நிற்கவில்லை. எப்போதும் நிற்கிற இடத்தில், அண்ணனுக்கு இடம் விட்டு நின்றாள்.

துக்க வீட்டுக்கு இந்த வருஷம் படம் கிடையாது என்று கத்தரீனாள் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணன்தானம்மா செத்தான்," என்றாள் அஞ்சு. "நான் இருக்கேன்லா."

ஏசுதாஸ் அத்தான் குழாயைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். நான் வாய்க்குள்ளேயே மாதாவைக் கூப்பிட்டேன். இன்றைக்கும் இவள் போனைத் தாழ்த்திக்கொண்டு போய்விட்டால் அந்தப் பிள்ளை இனி எந்தச் சுவருக்கு முன்னாலும் வந்து நிற்கமாட்டாள். அது எனக்குத் தெரிந்தது, அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்தது. கத்தரீனாளுக்குத் தெரிந்ததா என்று அவள் முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

அவள் போனைத் தூக்கினாள். கொஞ்சம் நடுவில் வரச் சொன்னாள். அஞ்சு மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். மறுபடி சொல்லுவாள், அதட்டுவாள் என்று பார்த்தேன். அவள் சொல்லவில்லை. பிள்ளையையும் பக்கத்துச் சுவரையும் சேர்த்து அப்படியே எடுத்தாள்.

எடுத்ததைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கடைசியில் போனிலிருந்து தலையை நிமிர்த்தி, தோளை அல்ல, சுவரை அல்ல, மகள் முகத்தைப் பார்த்தாள்.

"கண்ண மூடிட்டட்டி," என்றாள். "நல்லா முழிச்சு என்னப் பாரு. இன்னொண்ணு எடுப்போம்."

அஞ்சு சுடிதார் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.